சிலிக்கான் கார்பைட் மாஸ்ஃபெட்ட பேரலல்ல போடுறீங்களா? ஷார்ட் சர்க்யூட்டுக்கு இத செஞ்சுடுங்க

பினாங்குல, பாயான் லெப்பாஸ் பக்கம் இன்வெர்ட்டர் வேல பாக்குற தம்பிங்களுக்காக எழுதுறேன். மாஸ்ஃபெட்டுங்கறது கரண்ட்ட ஆன், ஆஃப் பண்ற ஒரு பவர் ஸ்விட்ச். அதே வேல பாக்குற பழைய வகை ஸ்விட்சான ஐஜிபிடி நெறைய 10 மைக்ரோசெகண்ட் ஷார்ட்ட தாங்கும், சிலிக்கான் கார்பைட் மாஸ்ஃபெட்டுக்கு பெரும்பாலும் 2, 3 தான், அதுக்குள்ள கேட் சிக்னல (ஸ்விட்ச ஆன், ஆஃப் பண்ற கால்) ஆஃப் பண்ணியாகணும்.

மொதல்ல ஒவ்வொரு மாஸ்ஃபெட்டோட த்ரெஷோல்ட் வோல்டேஜ (ஆன் ஆக ஆரம்பிக்கிற கேட் வோல்டேஜ்) அளந்து கிட்டக்கிட்ட இருக்கறத சேத்து போடுங்க, கம்மியா உள்ளதுதான் ஷார்ட் அப்போ கரண்ட்ட அதிகமா இழுத்துக்கிட்டு முன்னாடி போய்ச்சேரும். அளக்குறதுக்கு முன்ன எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கேட் பல்ஸ் குடுங்க, இல்லன்னா ஹிஸ்டெரிசிஸால (முன்னாடி குடுத்த கேட் வோல்டேஜோட தாக்கம் மிச்சம் நிக்கறதால) ரீடிங் ஆடும். சூடானா ரெசிஸ்டன்ஸ் ஏறி தானா பேலன்ஸ் ஆயிடும்னு சொல்லுவாங்க, அது சாதாரண ஓட்டத்துக்கு சரி லா, ஷார்ட்டுல நம்பாதீங்க.

ஒவ்வொண்ணுக்கும் தனி கேட் ரெசிஸ்டர், கெல்வின் சோர்ஸ் (கேட் சிக்னலுக்குன்னு தனியா எடுக்குற சோர்ஸ் இணைப்பு) வைங்க, போர்டுல சோர்ஸ் டிராக் ரெண்டு பக்கமும் ஒரே நீளம். இதுல கஞ்சத்தனம் வேணாம்.

டீசாட் (ஷார்ட்ட கண்டுபிடிக்கிற பாதுகாப்பு சர்க்யூட்) ட்ரிப் ஆனதும் சாஃப்ட்டா ஆஃப் பண்ணுங்க, சட்டுனு வெட்டினா டிரெயின் வோல்டேஜ் எகிறி அதுலயே செத்துரும். கேட் வோல்டேஜ கொஞ்சம் எறக்கினா ஷார்ட் கரண்ட் கொறையும், ஆனா கண்டக்ஷன் லாஸ் (ஆன்ல இருக்கும்போது வீணாகுற பவர்) ஏறும், டேட்டாஷீட்ட பாத்து முடிவு பண்ணுங்க.

ஷார்ட் டெஸ்ட்டுல தப்பிச்ச டிவைஸோட கேட் லீக்கேஜயும் (கேட் வழியா கசியுற கரண்ட்) அளந்துடுங்க, ஏறியிருந்தா தூக்கி போட்டுடுங்க.