ஆயிரம் கமிட்டில் ஒரு குற்றவாளி

நேற்றுவரை சரியாக ஓடிய புரோகிராமிங் புதிர் விடை, நிரலைக் கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றும் மென்பொருளான கம்பைலரைப் புதுப்பித்ததும் தப்பான எண்ணைக் காட்டுகிறதா? முதலில் நீங்கள் எழுதிய நிரலைச் சந்தேகப்படுங்கள். 32 பிட் இன்ட் (முழு எண் வகை) தன் உச்சமான 2,147,483,647-ஐத் தாண்டியிருக்கும், பெரும்பாலும் அதுதான். அதுவும் இல்லையென்றால் கம்பைலரின் மூலநிரலில் 'கிட் பைசெக்ட்' ஓட்டுங்கள்: எந்த கமிட்டில் (பதிவான ஒரு மாற்றம்) பிழை நுழைந்தது என்று தேடும் கட்டளை அது.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருக் குழாயில் சாக்கடை கலந்தபோது, பிளம்பர் நேராகத் தெருவின் நடுவில் இருக்கும் வீட்டுக் குழாயைத்தான் திறந்து பார்த்தார். அதே கணக்குதான் இங்கேயும். ஒரு நல்ல கமிட், ஒரு கெட்ட கமிட் சொன்னால் போதும், நடுவில் இருப்பதை அதுவே எடுத்துத் தரும்; அது நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொன்னால் பாதி கழிந்துவிடும். 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனைதான்.

'பைசெக்ட் ரன்' என்று சோதனையைச் செய்யும் ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்துவிட்டால் கை வைக்கவே வேண்டாம். ஸ்கிரிப்ட் 0 திருப்பினால் நல்லது, 1 என்றால் கெட்டது. பலர் கோட்டை விடுவது 125-ஐ. எல்எல்விஎம் மாதிரி பெரிய கம்பைலரில் இடையில் சில கமிட் பில்டே ஆகாது (மூலநிரலிலிருந்து கம்பைலர் உருவாகாது). அப்போது 125 திருப்பினால் அதைத் தாண்டிப் போய்விடும். 1 திருப்பினால் அப்பாவி கமிட் மாட்டிக்கொள்ளும். நானும் ஒருமுறை அப்படி ஒருவர்மேல் பழி போட்டு, அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் கம்பைலரை பில்ட் செய்யவேண்டும்; பழைய லேப்டாப் என்றால் ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.