சிறிய தொகையில் வீட்டைப் புதுப்பிக்க: எந்த வேலை முதலில், எது பிறகு

வீட்டைப் புதுப்பிக்க ஒதுக்க முடிந்த தொகை சிறியதாக இருக்கும்போது, எதை வாங்குவது என்பதைவிட எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. ஓதம் ஏறிய சுவரில் எவ்வளவு உயர்ந்த பெயின்ட்டை அடித்தாலும் சில மாதங்களில் அது பொருக்குத் தட்டி உதிரும். சுவரின் நிறம் முடிவாகும் முன்பே எடுத்த திரைச்சீலை, பிறகு எந்த நிறத்தோடும் ஒத்துப்போகாமல் பரணுக்குப் போகும். ஆகவே கடைக்குப் போவதைக் கடைசிக்குத் தள்ளிவைக்க வேண்டும்.

குடும்பம் குடியிருந்துகொண்டே வேலை நடக்க வேண்டியிருப்பதால், ஓர் அறையை முழுவதும் முடித்த பின்னரே அடுத்த அறையைத் தொடுவது நல்லது. எல்லா அறைகளையும் ஒரே நேரத்தில் கலைத்துப்போட்டால் வேலையும் இழுக்கும், வீட்டில் சண்டையும் வரும். அறையிலுள்ள பொருள்களை எல்லாம் வெளியே எடுத்து, உண்மையில் பயன்படுபவற்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்துப் பாருங்கள். அலமாரியை வேறு சுவருக்கு நகர்த்துவதும், சன்னலை மறைத்து நிற்கும் நாற்காலியை விலக்குவதும் காசில்லாத வேலைகள். ஆனால் பல அறைகளில் கண்ணுக்குத் தெரியும் மாற்றத்தில் பெரும்பகுதி இவற்றிலிருந்தே வந்துவிடுகிறது. மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியே வையுங்கள். பழைய பூச்சைச் சுரண்டும்போது உள்ளே என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அடுத்துச் சுவர். சுவரில் வெண்மையாக உப்புப் பூத்திருந்தாலோ, பூச்சு உப்பியிருந்தாலோ, அந்த ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா அல்லது அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்பதை முதலில் அறிய வேண்டும். ஓரடி சதுரமுள்ள பிளாஸ்டிக் தாள் ஒன்றைச் சுவரில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில், அதாவது சுவரைப் பார்த்த பக்கத்தில், நீர்த்துளிகள் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் மட்டும் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை. முன்னதற்குக் குழாய்க் கசிவையோ வெளிச்சுவர் விரிசலையோ கண்டுபிடித்து அடைத்து, சுவர் நன்றாகக் காயும் வரை காத்திருக்க வேண்டும். கையிருப்பு முழுவதும் இந்த ஒரு வேலைக்கே போய்விட்டாலும் அது வீண் செலவு ஆகாது என்பதே என் கருத்து.

காய்ந்த சுவரில் உதிரும் பூச்சைச் சுரண்டி, விரிசல்களைப் பட்டி வைத்து நிரப்பி, அது இறுகிய பின் 120 எண் உப்புத்தாளாலும், பிறகு மெல்லிய 220 எண் உப்புத்தாளாலும் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். விளக்கு ஒன்றைச் சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்தால், நேராகப் பார்க்கும்போது தெரியாத மேடு பள்ளங்கள் நிழலாகத் தெரியும். பல பத்தாண்டுகள் பழமையான வீடாக இருந்தால், அடியிலுள்ள பூச்சுகளில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. அதைச் சோதித்துக்கொள்ளாமல் உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, சிறு குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் கண்டிப்பாகக் கூடாது. புதிதாகப் பட்டி வைத்த இடங்களுக்குப் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அவசியம். அதை மிச்சம் பிடித்தால், அந்த இடங்கள் பெயின்ட்டைக் கூடுதலாக உறிஞ்சித் திட்டுத் திட்டாகத் தெரியும்.

பெயின்ட் அளவைக் கணக்கிடுவது எளிது. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள அறையின் சுற்றளவு 14 மீட்டர். அதை உயரத்தால் பெருக்கினால் 42 சதுர மீட்டர் சுவர். கதவுக்கும் சன்னலுக்கும் 4 சதுர மீட்டரைக் கழித்தால் மீதி 38. ஒரு லிட்டர் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயின்ட்) ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும் என்று கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஏறக்குறைய 8 லிட்டர் தேவை. ஒரே நிற எண் கொண்ட டப்பாக்களுக்குள்ளும் சிறு வேறுபாடு இருக்கக்கூடும் என்பதால், அறைக்கு வேண்டிய முழுவதையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துகொள்வது பாதுகாப்பு.

நிறத்தை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிறிய டப்பா ஒன்றை வாங்கி, எதிரெதிர்ச் சுவர்களில் கையகலத்துக்கு அல்லாமல் ஒரு மீட்டர் அகலத்துக்கு அடித்து, பகலிலும் விளக்கொளியிலும் பாருங்கள். பளபளப்பான பூச்சு சுவரின் குறைகளை எடுத்துக்காட்டும், மங்கலான பூச்சு மறைக்கும். ஆனால் குழந்தைகளின் கை படும் நடைவழியில் துடைக்கத் தாங்கும் பூச்சே உதவும். முதலில் மேற்கூரை, பிறகு சுவர், கடைசியில் கதவு சன்னல் என்ற வரிசையில் அடிக்க வேண்டும். ரோலரை எடுத்த சுவரைப் பாதியில் நிறுத்தினால் காய்ந்த ஓரம் கோடாகத் தெரியும். மூலை வரை முடித்துவிட்டே ஓய்வெடுங்கள். ஓரங்களில் ஒட்டிய டேப்பைப் பூச்சு முழுவதும் இறுகும் முன் உரித்தால் கோடு நேராக இருக்கும்.

விளக்குகளைப் பொறுத்தவரை, ஒரே அறையில் மஞ்சள் ஒளியையும் வெண்மை ஒளியையும் கலக்காமல் இருந்தாலே போதும். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். படுக்கையறைக்கும் கூடத்துக்கும் 2700 முதல் 3000 கெல்வின் வரையிலான, மஞ்சள் ஒளி தரும் எல்இடி பொருந்தும்.

பழைய அலமாரியை மாற்றுவதைவிட அதன் கைப்பிடிகளை மாற்றுவது மலிவு. ஆனால் வாங்கும் முன் இரண்டு திருகாணித் துளைகளின் நடுவிலிருந்து நடு வரை அளந்துகொள்ளுங்கள். 96 மில்லிமீட்டரும் 128 மில்லிமீட்டரும் பரவலாகக் கிடைக்கும் அளவுகள். துளை பொருந்தாவிட்டால் பழையதை அடைத்துப் புதியது போட வேண்டும், அந்த அடைப்பு மறையாது. எண்ணெய்ப் பெயின்ட் பூசிய கதவுக்குப் புது நிறம் அடிப்பதானால் பளபளப்பு போகும் வரை உப்புத்தாள் போட்டுப் பிரைமர் அடித்தாக வேண்டும். இல்லையெனில் நகம் பட்டாலே உரியும்.

திரைச்சீலையை இப்போது வாங்கலாம். கம்பியைச் சன்னல் சட்டத்துக்கு மேலே 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரத்தில், இரு பக்கமும் அதே அளவு நீட்டி மாட்டினால் சன்னல் பெரிதாகத் தோன்றும், திறந்த சீலை ஒளியை மறைக்காது. துணியின் மொத்த அகலம் கம்பியின் நீளத்தைப் போல் ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். படங்களை ஆணியடிக்கும் முன், அதே அளவில் காகிதம் வெட்டிச் சுவரில் ஒட்டி இடத்தைத் தீர்மானியுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் வந்தால் பார்வைக்கு இதமாக இருக்கும். மிச்சமான பெயின்ட்டைச் சிறிய ஜாடியில் விளிம்பு வரை ஊற்றி இறுக மூடி, அறையின் பெயரையும் நிற எண்ணையும் மூடியில் எழுதிவையுங்கள். பிற்காலத்தில் சுவரில் கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுவிட அது போதும்.