எல்லை தாண்டி வீடு பார்க்கிறீர்களா? முதலில் ‘நிலம்’ எது என்று பாருங்கள்

கோவையிலிருந்து வாளையார் தாண்டி, கேரளாவின் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் குடியேறலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு.

இடம் பிடித்துவிட்டது என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் வரி ரசீதைக் கையில் வாங்கிப் படியுங்கள். நமக்கு ‘நிலம்’ என்றால் எந்த மண்ணும் நிலம்தான். கேரள வருவாய்ப் பதிவில் ‘நிலம்’ என்றால் நெல்வயல். வீடு கட்டத் தோதான இடத்தை ‘புரயிடம்’ என்று எழுதுவார்கள். 2008ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, வயலை இஷ்டத்துக்கு மண் கொட்டி மேடாக்கி வீடு கட்ட முடியாது. தென்னை காய்த்து நிற்கிறதே, வயலாக எப்படி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவில் அது இன்னும் ‘நிலம்’ ஆகவே இருக்கலாம். அந்த ஊர் கிருஷி பவனில் (வேளாண்மை அலுவலகம்) சர்வே எண்ணைச் சொல்லி, நெல்வயல், ஈரநிலங்களைப் பதிந்து வைத்திருக்கும் ‘டேட்டா பேங்க்’ பட்டியலில் அந்த இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தயவுசெய்து புரோக்கர் பேச்சை நம்பாதீர்கள்.

அப்புறம் பள்ளிக்கூடம். சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளிகள் உண்டு. பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டுமானால், நீங்கள் பார்க்கும் வீட்டுக்கு எது பக்கம் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

வண்டியை 12 மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் கேரளப் பதிவுக்கு மாற்ற வேண்டும்.

முடிந்தால் ஏப்ரலில் ஒரு வாரம், ஜூலையில் ஒரு வாரம் தங்கிப் பாருங்கள். கேரளா என்றாலே குளிர்ச்சி என்று வருபவர்களுக்குப் பாலக்காட்டு வெயில் பழகாது.