முறுக்குச் சட்டி ஏற்றும் முன்: தீபாவளிக்கு அடுப்படியைப் பத்திரப்படுத்துவது எப்படி?

தீபாவளி என்றாலே பட்டாசுக்குத்தான் பயப்படுகிறோம். என்னைக் கேட்டால், கவனம் ஒரு வாரம் முன்பே பலகாரம் சுடும் இடத்தில் தொடங்க வேண்டும். மணிக்கணக்கில் எரியும் அடுப்பு, வாணலியில் எண்ணெய், மழைக்குச் சாத்திய ஜன்னல் எல்லாம் அங்கேதான். புதிதாகத் தனிக்குடித்தனம் போனவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்.

படி 1: கேஸ் டியூப்

ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பை முழு நீளத்துக்கும் தடவிப் பாருங்கள், அடுப்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதியையும் சேர்த்து. வெடிப்போ எலி கடித்த தடமோ இருந்தால் மாற்றுங்கள். 5 ஆண்டு கடந்திருந்தால், பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

படி 2: சோப்புத் தண்ணீர் சோதனை

அருகில் விளக்கு, ஊதுபத்தி எதுவும் எரியக்கூடாது. அடுப்புத் திருகுகளை மூடிவிட்டு ரெகுலேட்டரை மட்டும் திறங்கள். பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்து, ரெகுலேட்டர் உட்காரும் இடத்திலும் டியூப்பின் இரு முனைகளிலும் தடவுங்கள். குமிழி கிளம்பிக்கொண்டே இருந்தால் கசிவு. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டரில் நூல் கட்டித் தொங்கும் மூடியை வால்வில் அழுத்திவிட்டு, வெளியே வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் செய்யுங்கள். தீக்குச்சி கிழித்துக் கசிவு பார்க்கும் 'நிபுணர்கள்' இன்னும் சில வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களை அடுப்படிப் பக்கமே விடாதீர்கள்.

கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். இரண்டிலும் பொறி பறக்கும். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதி. கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு படரும். அதனால் ஜன்னலோடு கதவையும் திறந்து வையுங்கள். சிலிண்டர் பக்கத்தில் தரையில் அகல் விளக்கு வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். உட்கார்ந்து சுட வசதி என்று அடுப்பைத் தரையில் இறக்குவதும் வேண்டாம். அடுப்பு எப்போதும் சிலிண்டரைவிட உயரத்தில் இருக்கட்டும்.

படி 3: எண்ணெய்

வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாதீர்கள். முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், நைலான் நைட்டி அன்றைக்கு வேண்டாம். வாணலியை முழுசாக மூடும் தாம்பாளம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எண்ணெய் புகையத் தொடங்கினால் உடனே அடுப்பை அணையுங்கள். தீப்பிடித்துவிட்டால், தாம்பாளத்தை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடி, கை எட்டினால் அடுப்பையும் அணையுங்கள். நன்றாக ஆறும்வரை திறந்து பார்க்கக்கூடாது, வாணலியைத் தூக்கவும் கூடாது. தண்ணீர் கூடவே கூடாது: அது எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைச் சுற்றிலும் வீசியடிக்கும். தீ அடங்காவிட்டால் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள்.

படி 4: பட்டாசு

நமத்த பட்டாசை அடுப்பருகே காய வைக்காதீர்கள். எரிந்து முடிந்த மத்தாப்புக் கம்பி நேராகத் தண்ணீர் வாளிக்குள் போக வேண்டும். சிவப்பு போன பிறகும் அது காலைச் சுடும். ராக்கெட் விடும் நேரத்தில் ஜன்னலைச் சாத்தி, மாடிக் கொடியில் காயும் துணியை எடுத்துவிடுங்கள்.

கை சுட்டுக்கொண்டால், மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டுக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தாலோ முகத்தில் பட்டாலோ 108.