கொழும்புக்கு ஆய்வுக்கு வரும் வேதியியலாளர்களே, பெட்டியில் வேர்ப்பொடி வேண்டாம்

விசா, வீடு, சிம் கார்டு எதுவும் இங்கே பெரிய தலைவலி இல்லை. வதிவிட விசாவுக்குப் பல்கலைக்கழகக் கடிதத்தோடு பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வீட்டை வெள்ளவத்தையில் பாருங்கள். காலி நகருக்குப் போகும் காலி வீதியில் (Galle Road) பஸ் ஏறினால் பல்கலைக்கழகம் பக்கம்தான். இடியப்பமும் சொதியும் கிடைக்கும், தமிழ் காதில் விழாத நாளே இருக்காது. பௌர்ணமிதோறும் போயா விடுமுறை; இரவெல்லாம் ஓடவேண்டிய வினையை அதற்கு முந்தைய நாள் தொடங்காதீர்கள்.

நம்மவர்கள் அடிபடுவது ஊர் திரும்பும்போது. என் நண்பர் மதுரைக்காரர், இயற்கைச் சேர்மங்களைப் பிரித்தெடுப்பதில் கைதேர்ந்தவர். கொத்தல ஹிம்புட்டு கொடியில் வேலை செய்ய வந்தார். அதன் கட்டையைக் கடைந்து குவளையாக்கி, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்து, சர்க்கரை நோய்க்காகக் காலையில் குடிப்பது இங்குள்ள பழைய வழக்கம். 1997-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் சலாசினால் என்ற சேர்மத்தைக் கண்டறிந்து வெளியிட்டது இந்தக் கொடியிலிருந்துதான். மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது தடுக்கிறது.

கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டையில், மூலிகைக் கடைகள் நிறைந்த கேபோஸ் லேனுக்குள் நுழைந்தால் நம் நாட்டு மருந்துக் கடையின் அதே வாசனை. ஊர் நினைவு வந்துவிடும். அங்கே காசு கொடுத்து வாங்கியதை ஊருக்கு எடுத்துப்போகத் தடை இருக்காது என்று நாம் நம்பிவிடுகிறோம். தடை இருக்கிறது. 1937-ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும்.

நண்பரின் பெட்டியில் வேர்ப்பொடியும், வெறும் குறியீடு எழுதிய சாறுக் குப்பிகளும் இருந்தன. எல்லாம் பறிமுதல். விசாரணை, அபராதம், விமானமும் போய்விட்டது. ஊரில் என்.எம்.ஆர். (மூலக்கூறின் கட்டமைப்பை அறியும் அளவீடு) எடுப்பதற்காகப் பாடுபட்டுப் பிரித்துவைத்த மாதிரிகள் அவை. "துறைக் கடிதம் போதும்" என்று சொல்லி அனுப்பிய பேராசிரியர்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதிகாரிகளை நான் குறை சொல்லமாட்டேன். அகில் போல மணக்கும் வல்லப்பட்டை என்ற மரக்கட்டையைப் பயணப் பெட்டிகளில் கடத்துகிறவர்களைப் பிடித்துக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். பழுப்புப் பொடியைப் பார்த்தால் சந்தேகப்படத்தான் செய்வார்கள்.

ஆகவே வந்த முதல் வாரமே வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். தாவரவியல் பெயர், பாகம், எடை, நோக்கம் நான்கும் கடிதத்தில் இருக்கட்டும். தமிழும் இங்கே அரச கரும மொழி. நான் தமிழில் எழுதினேன், தமிழிலேயே பதில் வந்தது. அன்று எனக்குண்டான பெருமை கொஞ்சநஞ்சமல்ல. உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேர்த்துவைத்திருக்கும் பேராதனை தேசிய உலர்தாவரகத்தில் தாவரத்தை அடையாளம் காட்டிச் சான்று பெறுங்கள். கட்டுநாயக்கவில் தாவரத் தடுப்புக்காப்புச் சான்றிதழும், இந்தியத் தரப்பின் இறக்குமதி அனுமதியும் தனித்தனி வேலைகள். இரண்டும் தேவையா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முடிந்தவரை அளவீடுகளை இங்கேயே முடித்துக் கோப்புகளை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மாதிரியைக் கொண்டுபோயே ஆகவேண்டுமென்றால், ஒவ்வொரு குப்பியிலும் தாவரப் பெயரையும் எடையையும் முழுதாக எழுதி ஒட்டி, அனுமதிப்பத்திரத்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கு நிற்கும்போது அது பெரிய பெட்டிக்குள் இருந்தால் உதவாது.