ஆஃப் ஸ்பின்னருக்கு ஃபீல்டிங் நிறுத்துவது எப்படி?

சிவப்புப் பந்து ஆட்டம், பந்து திரும்பும் பிட்ச், எதிரே வலது கை பேட்ஸ்மேன். ஆட்களை நிறுத்துவதற்கு முன், எந்த லைனில் போடப் போகிறார் என்று பவுலரிடம் கேட்டுவிடுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு அரையடி வெளியே குத்தி உள்ளே திருப்புகிறவருக்குத்தான் இங்கே சொல்லும் ஃபீல்டிங் பொருந்தும்.

பவுலர், கீப்பர் போக 9 பேர். ஆஃப் சைடில் ஸ்லிப், பாயின்ட், கவர், மிட் ஆஃப். லெக் சைடில் ஷார்ட் லெக், ஸ்கொயர் லெக், மிட் விக்கெட், மிட் ஆன், எல்லைக்கோட்டில் டீப் மிட் விக்கெட். திரும்பாமல் நேராகப் போகும் பந்துக்காகத்தான் ஸ்லிப்; அவரை எடுத்துவிடாதீர்கள்.

விக்கெட் பெரும்பாலும் ஷார்ட் லெக்கில் விழும். பேட்ஸ்மேனிலிருந்து ஒன்றரை, இரண்டு மீட்டரில், முழங்கால் மடக்கி, கைகள் தரையை ஒட்டி இருக்க வேண்டும். மட்டையின் உள்விளிம்பில் பட்டு பேடில் மோதும் பந்து கீழேதான் விழும். முன்கூட்டியே நிமிர்ந்தால் அது கைக்கு அடியில் போய்விடும். 1971 ஓவல் டெஸ்டில் இந்திய ஆஃப் ஸ்பின்னர் வெங்கட்ராகவன் பந்தில் இங்கிலாந்தின் ஆலன் நாட்டை ஏக்நாத் சோல்கர் பிடித்தது இந்த இடத்தில்தான். 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தவர் அவர். இன்று ஹெல்மெட் இல்லாமல் யாரையும் அங்கே நிறுத்தக் கூடாது.

பவுலர் லென்த்தை (பந்து குத்தும் தூரத்தை) பிடித்துவிட்டால் கவரைத் தூக்கி சில்லி பாயின்ட்டில், அதாவது ஆஃப் சைடில் பேட்ஸ்மேனுக்கு மிக அருகே, வையுங்கள். காலி இடத்தைப் பார்த்ததும் பேட்ஸ்மேனுக்கு டிரைவ் ஆடக் கை துறுதுறுக்கும். திருப்பத்துக்கு எதிராக மட்டையை வீசும்போது மட்டைக்கும் பேடுக்கும் நடுவே வழி திறக்கும்: போல்டு, இல்லையென்றால் ஷார்ட் லெக்கில் கேட்ச். காலியான கவர் வழியே ஒரு பவுண்டரி போனால் பதறாதீர்கள். நடு மட்டையில் பட்டு மூன்று நான்கு போனால் கவரைத் திரும்ப வையுங்கள்.

அதிகம் நடக்கும் தப்பு, மிட் ஆனை அரைகுறைத் தூரத்தில் விடுவது. சிங்கிளைத் தடுக்க 20, 25 மீட்டரில் நிற்கட்டும். தூக்கி அடிக்கிறவர் என்றால் எல்லைக்கே போகட்டும். நடுவில் நின்றால் சிங்கிளும் போகும், தலைக்கு மேல் பவுண்டரியும் போகும். ஷார்ட் பிட்ச் பந்துக்கென்று தனியாக ஆள் வைப்பதும் வீண். அங்கே மாற்ற வேண்டியது பவுலரை.

விதியும் நினைவிருக்கட்டும். பந்து வீசும் கணத்தில் லெக் சைடில் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால், கீப்பர் தவிர, இரண்டு பேருக்கு மேல் நின்றால் நோ பால். லெக் ஸ்லிப் (லெக் சைடில் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பவர்) சேர்க்கும்போது ஸ்கொயர் லெக் கோட்டுக்கு முன்னால் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒருநாள், டி20 ஆட்டங்களில் லெக் சைடில் மொத்தமே ஐந்து பேர்தான். லெக் ஸ்லிப் வேண்டுமென்றால் அந்தப் பக்கமே ஒருவரைக் குறைக்க வேண்டும்.

இடது கை ஆட்டக்காரர் வந்தால் பந்து வெளியே திரும்பும். அப்போது ஸ்லிப்தான் முக்கியம், கவரும் வேண்டும். ஷார்ட் லெக்கை சில்லி பாயின்ட்டுக்கு மாற்றலாம். சிங்கிள் எடுத்து ஆள் மாறும்போதெல்லாம் இடம் குழம்பாமல் இருக்க, ஒவ்வொருவரும் ஷூவால் தரையில் ஒரு கீறல் போட்டுக்கொள்ளட்டும்.