மட்டக்களப்புக் குடும்ப நாவலில் சறுக்கும் இடங்கள்

அண்ணன் தம்பி பகையையும் பிறகு வரும் ஒற்றுமையையும் நாவலாக்க உட்காருகிறவர்கள், தகப்பனின் வீட்டுக்காக இரண்டு மகன்களை மோதவிடுவார்கள். கதை மட்டக்களப்பிலோ அம்பாறைக் கரையோரத்திலோ நடக்கிறது என்றால் அங்கேயே சறுக்கிவிடும். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மூத்தவளுக்குக் கல்யாணமானால் பெற்றோர் தாங்கள் இருந்த வீட்டையே சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்று கட்டி ஒதுங்கிக்கொள்வதுண்டு. மாப்பிள்ளைதான் குடிவருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்த வழக்கம் உண்டு. மகன்களோ சகோதரிகளின் வீட்டுக்கு உழைத்துக் கொடுத்துவிட்டு, வேறொருத்தியின் வீட்டுக்குப் போகிறவர்கள்.

ஆகவே உரசலை வேறிடத்தில் தேட வேண்டும். மூத்தவளுக்கு ரோட்டோரக் கல்வீடு, இளையவளுக்குப் பாதியில் நின்ற சுவர். கட்டாரிலிருந்து பணம் அனுப்பிய தம்பிக்குத் திரும்பி வந்தபோது ஒரு துண்டுக் காணிகூட இல்லை. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வயலைப் பெரும்போகத்துக்குச் செய்த மச்சான் நெல்லுக்குக் கணக்குக் காட்டவில்லை. இவற்றில் ஒன்றே முந்நூறு பக்கம் தாங்கும். மூன்றையும் திணித்தால் தொலைக்காட்சித் தொடராகிவிடும்.

அடுத்தது, யாழ்ப்பாணத்துத் தேசவழமையை இங்கே கொண்டுவந்து நாட்டுவது. அது வட மாகாணத் தமிழருக்கான சட்டம். மட்டக்களப்பில் இருந்த வழக்காற்றுச் சட்டமான முக்குவர் சட்டம் 1876ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தோடு வழக்கொழிந்தது. இன்று தமிழருக்குப் பொதுச் சட்டம், முஸ்லிம்களுக்கு அவர்களின் வாரிசுரிமைச் சட்டம். வழக்கம் ஒரு பக்கம் இழுக்க, சட்டம் மறுபக்கம் இழுக்கிறது. தகப்பன் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுதாமல் இறந்துபோனால், ஊர் இளைய மகளின் வீடு என்று சொல்வதில் பொதுச் சட்டப்படி மகனுக்கும் பங்கு வந்துவிடும். இவ்வளவு நல்ல முடிச்சை விட்டுவிட்டு, காணாமற்போன உயிலைத் தேடும் நாவல்களைப் படிக்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

2004 சுனாமியை இணக்கத்துக்குக் கருவியாக்குவதும் பழகிப்போன உத்தி. அலை வந்தது, பகை கரைந்தது! நடந்ததோ பல இடங்களில் நேர்மாறு. சீதன வீட்டை இழந்தவளுக்குக் கிடைத்த புதிய வீட்டின் உறுதி, குடும்பத் தலைவர் என்று கணவனின் பெயரில் எழுதப்பட்டது. அது புதிய பகைக்கு விதை. சுனாமியைத் தொட்டால் அந்த உறுதியையும் தொடுங்கள்.

பேச்சைப் பற்றிச் சுருக்கமாக: மட்டக்களப்புக் கல்லடியில் வாழும் பெண்ணின் வாயில் யாழ்ப்பாணத் தமிழை வைக்காதீர்கள்.

சமாதானத்துக்குச் செத்த வீட்டையே எல்லோரும் நாடுகிறார்கள். கோவிலை ஏன் விட வேண்டும்? பல கோவில்களில் ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு குடிக்கு, அதாவது ஒரு குலத்துக்கு, உரியது. குடி தாய்வழி வருவதால் ஒரு தாயின் பிள்ளைகள், பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும், அன்று ஒரே பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள். அந்த நாளில் அண்ணனின் மகனை அதே குடியின் வாரிசாக நிறுத்திவிடாதீர்கள். அவன் தன் தாயின் குடி. தங்கையின் மகன்தான் இவர்கள் பக்கம். பேசாமலிருக்கும் தாய்மாமனும் மருமகனும் அங்கே அருகருகே நிற்கட்டும், கட்டிப்பிடித்து அழ வேண்டியதில்லை. ஆனால் உறுதி யார் கையில், தாய் எந்த வீட்டில் என்று வாசகர் கேட்பார். அதற்கான அத்தியாயத்தை இந்தக் காட்சிக்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள்.